மலாயாவில் தோட்டம், காரைக்குடியில் ஆய்வுக்கூடம்: மருந்தை மின்சாரத்தால் அளக்கும் அறிவியலுக்கு இடம் கொடுத்த அழகப்ப செட்டியார் யார்?

பட்டர்வொர்த்தில் எந்த ஃபார்மசிக்குப் போனாலும் சர்க்கரை அளவு பார்க்கும் சின்ன மெஷின் கிடைக்கும். விரலில் ஒரு குத்து, பட்டையில் ஒரு சொட்டு ரத்தம், சில நொடிகளில் திரையில் எண் வந்துவிடும். நம்ம வீடுகளில் பாட்டியோ அப்பாவோ தினமும் செய்யும் வேலைதான்.

அந்தப் பட்டைக்குள் நடப்பது மின்வேதியியல். ரத்தத்தில் உள்ள குளுக்கோஸ் ஒரு வேதிவினையில் எலெக்ட்ரான்களை விடுவிக்கிறது. அந்த எலெக்ட்ரான்கள் மெல்லிய மின்முனை வழியாக ஓடும்போது வரும் மின்னோட்டத்தைத்தான் மெஷின் அளக்கிறது. சர்க்கரை கூடினால் மின்னோட்டமும் கூடும். அவ்வளவுதான்.

இதே வழியில் மருந்துகளையும் கண்டுபிடிக்க முடியுமா? ஒரு மாத்திரையில் சொன்ன அளவு மருந்து இருக்கிறதா, ஆற்றுத் தண்ணீரில் ஆன்டிபயாடிக் கலந்திருக்கிறதா, ஒருவரின் ரத்தத்தில் பாராசிட்டமால் ஆபத்தான அளவுக்கு ஏறிவிட்டதா என்று சில நிமிடங்களில் தெரிந்துகொள்ள முடியுமா? உலகம் முழுக்கப் பல ஆய்வுக்கூடங்கள் இதற்காக உழைத்துக்கொண்டிருக்கின்றன.

தமிழர்களுக்கு இந்த அறிவியலோடு ஒரு பழைய உறவு உண்டு. தெற்காசியாவின் மிகப் பெரிய மின்வேதியியல் ஆய்வு நிலையம் தமிழ்நாட்டின் காரைக்குடியில் இருக்கிறது. டெல்லியோ மும்பையோ இல்லாமல், செம்மண் பூமியான காரைக்குடிக்கு அது ஏன் வந்தது? அதற்குக் காரணம் ஒரு தனிமனிதர். மலாயாவிலும் தொழில் நடத்தியவர். பெயர், அழகப்ப செட்டியார்.

கோட்டையூர் பையன்

1909 ஏப்ரல் 6ஆம் தேதி, காரைக்குடிக்குப் பக்கத்தில் உள்ள கோட்டையூரில் அழகப்பர் பிறந்தார். அப்பா ராமநாதன் செட்டியார், அம்மா உமையாள் ஆச்சி. நாட்டுக்கோட்டை நகரத்தார் குடும்பம்.

அந்தக் காலத்தில் நகரத்தார் வீட்டுப் பையன் என்றால் போகும் பாதை கிட்டத்தட்ட முன்கூட்டியே முடிவானது. கொஞ்சம் படிப்பு, நிறைய கணக்கு, பிறகு கப்பல். ரங்கூன், பினாங்கு, ஈப்போ, சிங்கப்பூர், கொழும்பு என்று ஏதோ ஓர் ஊரின் கிட்டங்கியில் உட்கார்ந்து தொழில் பழக வேண்டும். கல்லூரிப் பட்டம் தொழிலுக்குத் தேவையில்லை என்று பலர் நினைத்த காலம் அது.

அழகப்பர் வேறு பாதையில் போனார். காரைக்குடியில் பள்ளிப் படிப்பை முடித்து, சென்னை மாநிலக் கல்லூரியில் சேர்ந்து, 21 வயதில் ஆங்கில இலக்கியத்தில் எம்.ஏ. பட்டம் வாங்கினார். அவருடைய சமூகத்தில் எம்.ஏ. முடித்த முதல் ஆள் என்ற பெயரும் கிடைத்தது. பின்னாளில் இயற்பியலுக்காக நோபல் பரிசு பெற்ற எஸ். சந்திரசேகர் அதே காலத்தில் அதே கல்லூரியில் படித்தவர்.

அடுத்து லண்டன். அங்கே சட்டம் படித்து பாரிஸ்டர் ஆனார். சார்ட்டர்ட் வங்கியில் பயிற்சி எடுத்தார். கிராய்டனில் விமானம் ஓட்டவும் கற்றுக்கொண்டார். வழக்கறிஞர், வங்கியாளர், விமானி என்று மூன்று கதவுகள் திறந்திருந்தன. ஆனால் ஊருக்குத் திரும்பி அவர் இறங்கியது வியாபாரத்தில்.

பினாங்குக்கும் இந்தக் கதைக்கும் என்ன தொடர்பு?

நகரத்தார் உலகம் பினாங்கு வாசகர்களுக்குப் புதிது இல்லை. ஜார்ஜ்டவுனில் லெபோ பினாங் பக்கம் நடந்தால் பழைய கிட்டங்கிகள் இருந்த தெருவைப் பார்க்கலாம். வாட்டர்ஃபால் சாலையில் 1857இல் எழுந்த நகரத்தார் தண்டாயுதபாணி கோயில் இருக்கிறது. தைப்பூசத்துக்கு முந்தைய நாள் வெள்ளி ரதம் புறப்படுவதைப் பார்க்க, பட்டர்வொர்த்திலிருந்து ஃபெரி ஏறிப் போகாத தமிழ்க் குடும்பம் குறைவுதான்.

மலாயாவில் நகரத்தார் கையில் இருந்த பணம் தோட்டங்களுக்கும், ஈயத் தொழிலுக்கும், கடைகளுக்கும் கடனாகப் போனது. பலர் பிறகு தாங்களே தோட்டங்களுக்கு உரிமையாளர் ஆனார்கள். அழகப்பரின் தொழில் வலையிலும் மலாயா, பர்மா பக்கத்து ரப்பர்த் தோட்டங்களும் ஈயச் சுரங்கங்களும் உண்டு. கேரளத்தில் திருச்சூருக்குப் பக்கத்தில் அவர் தொடங்கிய நூற்பாலையைச் சுற்றி ஓர் ஊரே வளர்ந்தது. அந்த ஊருக்கு இன்றைக்கும் அழகப்ப நகர் என்றுதான் பெயர். இன்சூரன்ஸ், ஹோட்டல், தியேட்டர், பங்குச் சந்தை என்று தொழில் விரிந்தது. விமானம் ஓட்டத் தெரிந்தவர் ஆயிற்றே, ஜுபிடர் ஏர்வேஸ் என்ற விமான நிறுவனத்தையும் நடத்தினார்.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். அன்றைய பல நகரத்தார் குடும்பங்களின் செல்வம் பெரும்பாலும் கடல் கடந்த ஊர்களிலேயே இருந்தது. 1941 டிசம்பரில் ஜப்பானிய விமானங்கள் ஜார்ஜ்டவுன் மேலும் பட்டர்வொர்த் மேலும் குண்டு போட்டன. அடுத்த சில மாதங்களில் பர்மாவும் விழுந்தது. பல குடும்பங்கள் ஒரே ஆண்டில் சொத்தை இழந்தன. அழகப்பர் தன் தொழிலைப் பல ஊர்களிலும் பல துறைகளிலும் பிரித்து வைத்திருந்தவர். போர்க்காலத்திலும் அவரால் பெரிய நன்கொடைகள் கொடுக்க முடிந்தது.

அப்படி வந்ததுதான் சென்னையில் உள்ள அழகப்பா தொழில்நுட்பக் கல்லூரி. 1944இல் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு அவர் கொடுத்த 5 லட்சம் ரூபாய் அதற்கு அடித்தளம். வேதிப்பொறியியல், நெசவு, தோல் மாதிரியான தொழில்நுட்பங்களைச் சொல்லிக்கொடுக்கும் அந்தக் கல்லூரி இன்று அண்ணா பல்கலைக்கழகத்தின் பகுதி. மாணவர்கள் அதைச் செல்லமாக ஏ.சி.டெக் என்பார்கள். அதில் வரும் ஏ.சி. அழகப்ப செட்டியாரின் பெயர்ச் சுருக்கம்தான் என்பது அங்கே படிக்கிற சிலருக்கே தெரியாமல் இருக்கலாம்.

ஒரு மேடை, ஒரு லட்சம்

1947 ஜூலை. சென்னையில் அன்னி பெசன்ட் நூற்றாண்டு விழா. சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் ஏ. லட்சுமணசுவாமி முதலியார் மேடையில் பேசுகிறார். நாடு விடுதலை அடையப் போகிறது, கல்லூரிகள் போதவில்லை, வசதி உள்ளவர்கள் முன்வர வேண்டும் என்பது அவர் பேச்சின் சாரம்.

கூட்டத்தில் இருந்த அழகப்பர் அங்கேயே எழுந்து, காரைக்குடியில் கல்லூரி தொடங்குவதாகச் சொல்லி ஒரு லட்சம் ரூபாயை அறிவித்தார். இந்தக் காலத்தில் இப்படி ஓர் அறிவிப்பு வந்தால் அடுத்து கமிட்டி, கூட்டம், திட்ட அறிக்கை என்று வருடங்கள் போகும். காரைக்குடியில் ஆறு வாரம்கூட ஆகவில்லை. கட்டடம் கட்டும் வரை காத்திருக்காமல் காந்தி மாளிகை என்ற இடத்தில் ஆகஸ்ட் 11ஆம் தேதி வகுப்பு தொடங்கிவிட்டது. இந்தியா விடுதலை அடைய அப்போது நான்கு நாள் பாக்கி.

பிரிட்டிஷ் அரசு அவருக்கு சர் பட்டம் கொடுத்திருந்தது. நாடு விடுதலை அடைந்ததும் அந்தப் பட்டத்தை அவர் விட்டுவிட்டார்.

300 ஏக்கர், 15 லட்சம்

விடுதலை அடைந்த இந்தியாவுக்கு அப்போது ஒரு பெரிய கனவு இருந்தது. நேருவும், அறிவியல் தொழில் ஆராய்ச்சிக் கழகத்தின் தலைவராக இருந்த சாந்தி ஸ்வரூப் பட்நாகரும், நாடு முழுக்க தேசிய ஆய்வுக்கூடங்களைக் கட்டத் திட்டமிட்டார்கள். இயற்பியலுக்கு ஒன்று, வேதியியலுக்கு ஒன்று, உலோகவியலுக்கு ஒன்று என்று பட்டியல் நீண்டது. அதில் ஒன்றுதான் மின்வேதியியல்.

மின்வேதியியல் ஏன் முக்கியம்? பேட்டரி, உலோக முலாம், அலுமினியம் தயாரிப்பு, சோப்புக்குத் தேவையான காஸ்டிக் சோடா, இரும்பு துருப்பிடிக்காமல் பாதுகாப்பது என்று எல்லாமே அதில் அடங்கும். புதிதாகத் தொழில் வளர்க்க நினைக்கும் நாட்டுக்கு இது இல்லாமல் முடியாது.

எங்கே கட்டுவது என்ற கேள்வி வந்தபோது அழகப்பர் முந்திக்கொண்டார். காரைக்குடியில் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் தருவதாகச் சொன்னார். பெரிய தொழிற்சாலைகள் இல்லாத, கடற்கரைத் துறைமுகம் இல்லாத, மழையும் குறைவான ஒரு வட்டாரத்துக்குத் தேசிய ஆய்வுக்கூடம் வந்தது இப்படித்தான்.

1948 ஜூலை 25ஆம் தேதி பிரதமர் நேரு காரைக்குடிக்கு வந்து அடிக்கல் நாட்டினார். 1953 ஜனவரி 14ஆம் தேதி, அப்போதைய துணைக் குடியரசுத் தலைவர் டாக்டர் ராதாகிருஷ்ணன் நிலையத்தைத் திறந்து வைத்தார். மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் என்பது அதன் பெயர். சுருக்கமாக சிக்ரி என்று ஊர்க்காரர்கள் சொல்வார்கள்.

இந்தப் பணத்தை அவர் ஒரு கோயிலுக்கோ சத்திரத்துக்கோ கொடுத்திருந்தால் அன்றைய ஊர் வழக்கப்படி யாரும் ஆச்சரியப்பட்டிருக்க மாட்டார்கள். ஆனால் ஆய்வுக்கூடம் அப்படி இல்லை. அதில் என்ன கிடைக்கும், எப்போது கிடைக்கும் என்று கொடுக்கிறவருக்கே தெரியாது. கண்ணுக்குத் தெரியாத ஒன்றுக்கு 15 லட்சம் கொடுப்பது, அதுவும் 1948இல், ஒரு வியாபாரி சாதாரணமாக எடுக்கிற முடிவு இல்லை.

சரி, மின்சாரத்தால் மருந்தைக் கண்டுபிடிப்பது எப்படி?

இந்தக் கதையின் அறிவியல் பக்கத்தைக் கொஞ்சம் பார்ப்போம். இது 1922இல் பிராக் நகரில் தொடங்குகிறது. யாரோஸ்லாவ் ஹெய்ரோவ்ஸ்கி என்ற செக் விஞ்ஞானி, மெல்லிய கண்ணாடிக் குழாயிலிருந்து சொட்டுச் சொட்டாக விழும் பாதரசத்தை மின்முனையாகப் பயன்படுத்தினார். கரைசலில் வோல்டேஜை மெதுவாக ஏற்றிக்கொண்டே போனார். குறிப்பிட்ட வோல்டேஜ் வந்ததும் மின்னோட்டம் படிக்கட்டு மாதிரி உயர்ந்தது.

அந்தப் படி எந்த இடத்தில் வருகிறது என்பது கரைசலில் என்ன பொருள் இருக்கிறது என்று சொல்லும். படி எவ்வளவு உயரம் என்பது அது எவ்வளவு இருக்கிறது என்று சொல்லும். ஒரே கோட்டில் இரண்டு பதில்கள். அவரும் ஜப்பானிய விஞ்ஞானி மசுசோ ஷிகாட்டாவும் சேர்ந்து இதைத் தானாக வரையும் கருவியையும் உருவாக்கினார்கள். 1959இல் ஹெய்ரோவ்ஸ்கிக்கு வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது.

காரைக்குடி நிலையம் திறந்த காலத்தில் இந்தப் பாதரசச் சொட்டுதான் மின்வேதிப் பகுப்பாய்வின் ராஜா. ஆனால் பாதரசம் நச்சுப் பொருள். கையில் எடுத்துக்கொண்டு கிளினிக்குக்கோ ஆற்றங்கரைக்கோ போக முடியாது. அதனால் தங்கம், பிளாட்டினம், கார்பன் மாதிரியான திட மின்முனைகள் முன்னுக்கு வந்தன.

இப்போது ஒரு பெனடோல் மாத்திரையை எடுத்துக்கொள்வோம். அதில் உள்ள மருந்து பாராசிட்டமால். அதை நீரில் கரைத்து, மூன்று மின்முனைகளை உள்ளே வைக்கிறோம். ஒன்று வேலை செய்யும் மின்முனை. இன்னொன்று வோல்டேஜை ஒப்பிட உதவும் மின்முனை, பெரும்பாலும் வெள்ளியும் வெள்ளி குளோரைடும் சேர்ந்தது. மூன்றாவது சுற்றை முழுமையாக்க.

வோல்டேஜை ஏற்றும்போது ஒரு கட்டத்தில் பாராசிட்டமால் மூலக்கூறு ஒவ்வொன்றும் இரண்டு எலெக்ட்ரான்களை மின்முனைக்குக் கொடுக்கிறது. மின்னோட்டத்தில் ஒரு மேடு எழுகிறது. மேட்டின் உயரத்தைப் பார்த்தால் மருந்தின் அளவு தெரிந்துவிடும்.

இதில் ஒரு சுவாரசியம் உண்டு. எலெக்ட்ரான்களை இழந்த பாராசிட்டமால் மாறும் அதே பொருள்தான், அளவுக்கு மீறி மாத்திரை சாப்பிட்டவரின் கல்லீரலிலும் சேர்ந்து அதைச் சேதப்படுத்துகிறது. உடம்புக்குள் நடப்பதன் ஒரு சின்ன நிழலை மின்முனை மேல் பார்க்கிறோம் என்று சொல்லலாம்.

சும்மா உலோகம் ஏன் போதாது?

ஆய்வுக்கூடத்துச் சுத்தமான தண்ணீரில் எல்லாம் நன்றாக வேலை செய்யும். ரத்தத்திலும் சிறுநீரிலும் ஆற்று நீரிலும்தான் பிரச்சினை.

முதலாவது, கூட்டம். ரத்தத்தில் யூரிக் அமிலம் இருக்கிறது, வைட்டமின் சி இருக்கிறது. இவையும் ஏறக்குறைய பக்கத்துப் பக்கத்து வோல்டேஜில் எலெக்ட்ரான்களைக் கொடுக்கும். மேடுகள் ஒன்றன் மேல் ஒன்று ஏறிவிட்டால் எது யாருடையது என்றே தெரியாது. சந்தையில் எல்லாரும் ஒரே நேரத்தில் கத்தினால் ஒருத்தர் குரலைப் பிரித்துக் கேட்க முடியுமா? அந்த மாதிரி.

இது வெறும் ஏட்டுச் சிக்கல் இல்லை. தோலில் ஒட்டிக்கொண்டு சர்க்கரை அளவைத் தொடர்ந்து காட்டும் சில பழைய மாடல் சென்சர்கள், நோயாளி பாராசிட்டமால் சாப்பிட்டிருந்தால் சர்க்கரையை உண்மையைவிட அதிகமாகக் காட்டியதுண்டு. காய்ச்சல் மாத்திரையின் எலெக்ட்ரானையும் சர்க்கரைக் கணக்கில் சேர்த்துவிட்டன.

இரண்டாவது, அழுக்கு. புரதமும், வினையில் உருவாகும் பொருள்களும் உலோகத்தின் மேல் படிந்து மின்முனையை மந்தமாக்கிவிடும்.

மூன்றாவது, அளவு. ஆற்று நீரில் மருந்து இருந்தால் அது மிக மிகக் குறைவாக இருக்கும். அவ்வளவு சின்ன மின்னோட்டத்தைச் சாதாரண உலோகத் தகட்டால் பிடிக்க முடியாது.

இங்கேதான் மாற்றியமைத்த மின்முனை வருகிறது. தங்கத்தின் மேல் அல்லது கார்பனின் மேல் தங்க நானோ துகள்களைப் பதிக்கலாம், கிராஃபீன் தடவலாம், மின்சாரத்தைக் கடத்தும் பிளாஸ்டிக் படலத்தை வளர்க்கலாம். பரப்பளவு கூடும், வினை வேகமாகும், ஒட்டிக்கொண்டிருந்த மேடுகள் தனித்தனியாகப் பிரியும். இன்னொரு வழி, மருந்து மூலக்கூறின் வடிவத்திலேயே குழிகள் உள்ள பாலிமர் படலத்தை உருவாக்குவது. பூட்டுக்கேற்ற சாவி மாதிரி, அந்த மருந்து மட்டும் அந்தக் குழியில் உட்காரும்.

உலோகத்தின் மேல்தோலை மாற்றினால் அதன் குணமே மாறும் என்ற யோசனை சென்சருக்கு மட்டும் சொந்தமானது இல்லை. காரைக்குடி நிலையத்தின் பெயர் சொல்லும் வேலைகளில் ஒன்று, டைட்டானியம் உலோகத்தின் மேல் வேறொரு உலோக ஆக்சைடைப் பூசி, கரையாத மின்முனை தயாரித்தது. உப்பு நீரிலிருந்து குளோரினும் காஸ்டிக் சோடாவும் எடுக்கும் ஆலைகளுக்கு அது பயன்பட்டது. அங்கே சதுர மீட்டர் கணக்கில் இருக்கும் மின்முனை, மருந்து சென்சரில் நகக்கண் அளவுக்குச் சுருங்குகிறது. அடிப்படை யோசனை ஒன்றுதான்.

நமக்கு இது ஏன் முக்கியம்?

மூன்று காரணங்கள் சொல்லலாம்.

முதலாவது, அவசரச் சிகிச்சை. ஒருவர் பாராசிட்டமாலை அளவுக்கு மீறிச் சாப்பிட்டுவிட்டால் ஆரம்பத்தில் பெரிய அறிகுறியே இருக்காது. மாத்திரை உள்ளே போய் நான்கு மணி நேரத்துக்குப் பிறகு ரத்தத்தில் உள்ள அளவைப் பார்த்துதான் மாற்றுமருந்து தேவையா என்று டாக்டர்கள் முடிவு செய்வார்கள். எட்டு மணி நேரத்துக்குள் அந்த மருந்தைத் தொடங்கினால் கல்லீரலைக் காப்பாற்றும் வாய்ப்பு மிக அதிகம். பெரிய லேப் இல்லாத ஊர்களில் ஒரு சொட்டு ரத்தத்தில் பதில் தரும் பட்டை இருந்தால் எவ்வளவு நேரம் மிச்சமாகும் என்று யோசித்துப் பாருங்கள். சந்தேகம் வந்தால் அறிகுறிக்குக் காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும் என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறோம்.

இரண்டாவது, தண்ணீர். நாம் சாப்பிடும் மருந்து முழுக்க உடம்பிலேயே கரைந்துவிடாது. ஒரு பகுதி கழிவுநீரோடு வெளியே போகும். மருந்துத் தொழிற்சாலைக் கழிவு இன்னும் மோசம். ஹைதராபாத்துக்குப் பக்கத்தில் பட்டன்செரு என்ற இடத்தில் சுத்திகரிப்பு நிலையத்திலிருந்து வெளியேறிய நீரை ஸ்வீடன் விஞ்ஞானிகள் சோதித்து 2007இல் முடிவை வெளியிட்டார்கள். ஒரு லிட்டரில் 31 மில்லிகிராம் வரை சிப்ரோஃப்ளாக்சசின் என்ற ஆன்டிபயாடிக் இருந்தது. அந்த மருந்தைச் சாப்பிடும் நோயாளியின் ரத்தத்தில் இருப்பதைவிட அதிகம். இப்படிப்பட்ட இடங்களில்தான் எந்த ஆன்டிபயாடிக்குக்கும் அடங்காத கிருமிகள் உருவாகும் ஆபத்து கூடுகிறது.

டைக்ளோஃபெனாக் என்ற வலி மாத்திரையின் கதையும் தெரிந்ததுதான். மாடுகளுக்குக் கொடுத்த அந்த மருந்து, செத்த மாட்டைத் தின்ற கழுகுகளின் சிறுநீரகத்தைக் கெடுத்து, தெற்காசியாவில் சில வகைப் பிணந்தின்னிக் கழுகுகளைக் கிட்டத்தட்ட அழித்தே விட்டது. காரணம் 2004இல்தான் உறுதியானது. 2006இல் இந்தியா மாட்டு மருத்துவத்தில் அதைத் தடை செய்தது. தேட வேண்டும் என்று தெரிந்த பிறகுதான் சென்சர் உதவும் என்பதற்கும் இது ஒரு பாடம்.

பினாங்குக்கு வரும் குடிநீரில் பெரும்பகுதி மூடா ஆற்றிலிருந்து எடுக்கப்பட்டு, பட்டர்வொர்த் பக்கத்துச் சுங்கை டுவா நிலையத்தில் சுத்திகரிக்கப்படுகிறது. ஓர் ஆற்றை நம்பி இருக்கும் மாநிலத்துக்கு, அந்த ஆற்றில் என்ன கலக்கிறது என்று அடிக்கடி, மலிவாக, அந்த இடத்திலேயே பார்க்கும் வசதி பெரிய விஷயம்.

மூன்றாவது, போலி மருந்து. மலேசியாவில் பதிவான மருந்துகளில் எம்.ஏ.எல். என்று தொடங்கும் பதிவு எண்ணும் ஹோலோகிராம் ஸ்டிக்கரும் இருக்கும். வாங்கும்போது அதைப் பார்த்துக்கொள்வது நம்ம கையில் இருக்கும் முதல் பாதுகாப்பு. ஆனால் ஸ்டிக்கர் பெட்டியைப் பற்றித்தான் சொல்லும், மாத்திரைக்குள் இருப்பதை வேதியியல்தான் சொல்ல முடியும்.

ஒரு விஷயத்தை நேராகச் சொல்ல வேண்டும். மருந்து சென்சர்களில் பெரும்பாலானவை இன்னும் ஆய்வுக்கட்டுரை அளவில்தான் இருக்கின்றன. ஒரே மாதிரி ஆயிரக்கணக்கில் தயாரிப்பது, மாதக்கணக்கில் கெடாமல் வைத்திருப்பது, நிஜ ரத்தத்தில் ஒவ்வொரு முறையும் சரியான எண் காட்டுவது எல்லாம் இன்னும் கஷ்டம். மருந்தின் தரத்தை அதிகாரபூர்வமாக முடிவு செய்வது இன்றும் பெரிய லேப் கருவிகளே.

கடைசி ஆண்டுகள்

மறுபடி காரைக்குடிக்கு வருவோம். 1950களில் அழகப்பர் நிற்கவே இல்லை. ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி, பொறியியல் கல்லூரி, பாலிடெக்னிக், உடற்கல்விக் கல்லூரி, குழந்தைகள் பள்ளி என்று ஒன்றன் பின் ஒன்றாக வந்தன. ஒரே ஊரில் பாலர் பள்ளியில் சேரும் பிள்ளை, ஊரைத் தாண்டாமலே பட்டம் வரை படித்து வெளியே வரலாம் என்ற நிலை உருவானது. பெண்கள் கல்லூரிக்குக் கட்டடம் இல்லை என்றபோது, தான் குடியிருந்த வீட்டையே காலி செய்து கொடுத்தார் என்பது காரைக்குடியில் இன்றைக்கும் சொல்லப்படும் கதை.

உடம்பு ஒத்துழைக்கவில்லை. உடல்நலக் குறைவோடுதான் கடைசி ஆண்டுகளில் வேலைகளை நடத்தினார். 1956இல் இந்திய அரசு பத்மபூஷண் விருது கொடுத்தது. அடுத்த ஆண்டு, 1957 ஏப்ரல் 5ஆம் தேதி அவர் இறந்தார். மறுநாள் அவருக்கு 48 வயது நிறைந்திருக்கும்.

அவர் நட்ட கல்லூரிகளிலிருந்து 1985இல் அழகப்பா பல்கலைக்கழகம் பிறந்தது. சிக்ரி வளாகத்துக்குப் பக்கத்திலேயே அது இருக்கிறது. பேட்டரி, துருத் தடுப்பு, உலோகப் பூச்சு, சென்சர் என்று சிக்ரியின் வேலையும் தொடர்கிறது.

யாருடைய பணம்?

இந்தக் கதையை வெறும் வள்ளல் கதையாக முடித்துவிட முடியாது. மலேசியத் தமிழர்களாகிய நமக்கு ஒரு கேள்வி உண்டு.

மலாயாவின் ரப்பரிலிருந்தும் ஈயத்திலிருந்தும் வந்த செல்வம் தானாக வரவில்லை. விடியுமுன் எழுந்து பால்மரம் சீவிய கைகள் அதற்குப் பின்னால் இருந்தன. அந்தக் கைகளில் பெரும்பாலானவை தமிழ்க் கைகள். அவர்களின் பிள்ளைகளுக்குத் தோட்டத்தில் கிடைத்தது பல இடங்களில் ஒரே அறை உள்ள தமிழ்ப்பள்ளிதான். அழகப்பரின் செல்வம் பல ஊர்களிலிருந்தும் பல தொழில்களிலிருந்தும் வந்தது. அதில் மலாயாவின் பங்கு எத்தனை சதவீதம் என்று பிரித்துச் சொல்வது இந்தக் கட்டுரையின் வேலை இல்லை. ஆனால் காரைக்குடியின் ஆய்வுக்கூடச் சுவரில் நம்ம தாத்தா பாட்டி வியர்வையும் கொஞ்சம் கலந்திருக்கிறது என்று சொன்னால் தப்பு இல்லை.

அந்தப் பங்கை இப்போது எப்படிக் கேட்டு வாங்குவது? நன்றிக்கடிதமாக இல்லை, படிப்பாக வாங்கலாம். ஃபெரியில் ஏறினால் எட்டிவிடும் தூரத்தில், 1969இல் தொடங்கிய யுஎஸ்எம் இருக்கிறது. வேதியியலும் மருந்தியலும் அங்கே படிக்கலாம், தேசிய நச்சு மையமும் அங்கேதான் செயல்படுகிறது. பட்டர்வொர்த்திலேயே ஒரு நூற்றாண்டுக்கும் மேல் ஈயம் உருக்கிய ஆலை இருந்திருக்கிறது. உலோகமும் மருந்தும் தண்ணீரும் நம்ம ஊர் விஷயங்கள்தான், எங்கேயோ இருக்கும் அறிவியல் இல்லை.

எஸ்.பி.எம். முடித்துவிட்டு அடுத்து என்ன படிப்பது என்று யோசிக்கிறவர்களுக்கு மின்வேதியியல் பெரும்பாலும் பட்டியலிலேயே இருக்காது. டாக்டர், வழக்கறிஞர், பொறியாளர் என்றுதான் வீட்டில் பேச்சு ஓடும். 1930களில் அழகப்பருக்கும் வழக்கமான பாதை தயாராகத்தான் இருந்தது. அவர் அதை விட்டு விலகிப் போனதால், அவர் ஊரில் ஓர் ஆய்வுக்கூடம் நிற்கிறது. மூடா ஆற்று நீரில் இருக்கும் ஒரு துளி மருந்தை நொடியில் காட்டும் பட்டையை யாராவது செய்யத்தான் போகிறார்கள். அது பட்டர்வொர்த்திலிருந்து போன ஒரு பிள்ளையாகவும் இருக்கலாம்.